நாலாவது பலகை

வந்திருந்தவர்கள்:

நியே சாங்ஹோங், கண்ணாடி பாட்டில் ஆலையின் டைரக்டர்.
ஷிங் யூமெய், தொழிற்சங்கத் தலைவி. சூரியகாந்தி விதைப் பொட்டலத்துடன்.
ஜியாவ் ஷௌசெங், பகல் ஷிஃப்ட்டின் மூத்த ஆள். மடித்த தாளுடன்.
லுவான் குய்ச்சின், நைட் ஷிஃப்ட்டின் மூத்த ஆள். தாள் இல்லை.
குண்டு டோங், கேன்டீன் சமையல்காரர்.
பகல் ஷிஃப்ட் ஆட்கள், முகம் கழுவிக்கொண்டு. நைட் ஷிஃப்ட் ஆட்கள், முகம் கழுவாமல்.
ஸோங் லெய், கூட்டக் குறிப்பு எழுதுபவன்.

வராதவர்: சுய், உலை மேஸ்திரி. ஓய்வு பெற்று ச்சிங்தாவ் நகரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். அவருடைய நாற்காலிக்காகத்தான் கூட்டம்.

ஸோங் லெய் என்பது நான். காலேஜை இரண்டாம் வருஷத்தில் விட்டவன். ஏன் விட்டாய் என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. நைட் ஷிஃப்ட்டில் பாட்டில் அச்சுகளுக்கு எண்ணெய் தடவுகிறேன். ஆலையில் என் பெயர் ‘காலேஜ்’. கையெழுத்து நன்றாக இருப்பதால் குறிப்பு எழுதுவதையும் என் தலையில் கட்டினார்கள். படித்ததில் மிஞ்சியது அது ஒன்றுதான்.

நைட் ஷிஃப்ட் இறங்கிப் பகல் ஷிஃப்ட் ஏறுகிற நேரம். உலையை அணைக்க முடியாது. அணைத்தால் உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழம்பு உறைந்து உலையே கல்லாகிவிடும். அதன் பக்கத்தில் சிலரை நிறுத்திவிட்டு மற்றவர்கள் கேன்டீனில் கூடினோம். வலது பக்க பெஞ்சுகளில் பகல், இடது பக்க பெஞ்சுகளில் இரவு. அப்படி உட்காரும்படி யாரும் எப்போதும் சொன்னதில்லை.

எதிர்ச் சுவரில் நாலு பலகைகள். ஒவ்வொன்றிலும் நாலு சீன எழுத்து. எழுதியவர் நியே டைரக்டர்தான். தூரிகை பிடிப்பதில் அவருக்குப் பெருமை உண்டு. முதல் பலகை, நாள்தோறும் மூன்று முறை தன்னைத் தானே விசாரித்துக்கொள்ளச் சொல்கிறது. இரண்டாவது, ஒன்று தவறிப்போனால் காரணத்தைத் தன்னிடமே தேடச் சொல்கிறது. மூன்றாவது, தன்னைத் தெளிவாக அறிந்திருக்கச் சொல்கிறது. நாலாவது, கதவைச் சாத்திக்கொண்டு செய்த தவறை எண்ணிப் பார்க்கச் சொல்கிறது. பள்ளிக்கூடத்தில் எங்கள் வாயில் திணிக்கப்பட்டவை. பொருளை யோசிக்காமலே சொல்ல வரும்.

நாலாவது பலகைக்கு மட்டும் எங்கள் ஆலையில் நிஜமாகவே ஒரு கதவு உண்டு. கேன்டீனுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. யாராவது தவறு செய்தால் பகல் சாப்பாட்டு நேரம் வரை அதற்குள் தனியாக உட்கார்ந்து யோசிக்க வேண்டும் என்பது டைரக்டர் போட்ட விதி. முதலில் உட்கார்ந்தவன் நழுவிப்போய்க் கொதிகலன் பக்கம் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். அதனால் வெளியே பூட்டு வந்தது. பூட்டு வந்த பிறகு ஒருவரும் உள்ளே போகவில்லை. ஏனென்றால் அதற்குப் பிறகு ஆலையில் ஒருவரும் தவறு செய்யவில்லை. எல்லோரிடமும் இருந்தது குறைகள் மட்டும்தான். குறைக்குப் பூட்டு கிடையாது. குறையைச் சொல்லிக்கொண்டால் பாராட்டுத்தான் கிடைக்கும். டோங் அந்த அறையில் குளிர்காலத்து முட்டைக்கோஸை அடுக்கி வைத்திருந்தார்.

ஒரு பதவி காலியானால் இப்படித்தான் நடக்கும். பதவிக்குப் போட்டியிடுகிறவர்கள் எழுந்து தங்கள் குறைகளைச் சொல்வார்கள். எனக்கு இது வேண்டாம், வேறு யாருக்காவது கொடுங்கள் என்பார்கள். மற்றவர்கள் “அப்படிச் சொல்லாதீங்க” என்று கத்த வேண்டும். டைரக்டர் வற்புறுத்த வேண்டும். அவர்கள் மறுபடி வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மூன்றாவது முறை வற்புறுத்தும்போது தலை குனிந்து ஏற்றுக்கொள்வார்கள். கடைசியில் கையைத் தூக்கிச் சம்மதம் சொல்வது சடங்குக்கு. யாருக்காக எவ்வளவு சத்தமாக மறுத்துக் கத்தினார்கள் என்பதிலேயே முடிவு தெரிந்துவிடும்.

சுய் மேஸ்திரிக்கு அந்த நாற்காலி கிடைத்த வருஷம் குய்ச்சின் அக்காவும் போட்டிக்கு நின்றிருக்கிறார். நான் அப்போது இங்கே இல்லை. டோங் சொல்லித் தெரியும். அக்கா முறைப்படி எழுந்து, தனக்குப் படிப்பு போதாது, கோபம் அதிகம், பெரிய பொறுப்புக்குப் பக்குவம் வரவில்லை என்று சொன்னார். மறுத்துக் கத்த வேண்டியவர்கள் கத்தவில்லை. ஒரு பெண் உலையைப் பார்த்துக்கொள்வது யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. நியே டைரக்டர் எழுந்து மூன்றாவது பலகையைக் காட்டி, லுவான் குய்ச்சின் தன்னைத் தெளிவாக அறிந்தவர், எல்லோரும் அவரிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். நாற்காலியை சுய்க்குக் கொடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். அக்காவும் தட்ட வேண்டியிருந்தது.

இப்போது அக்காவுக்கு நாற்பத்தொன்பது. ஐம்பதானால் தொழிலாளிப் பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மேஸ்திரி என்றால் இன்னும் ஐந்து வருஷம் உலைப் பக்கம் நிற்கலாம். இன்று கிடைக்காவிட்டால் அடுத்த இலையுதிர் காலத்தில் அவர் சந்தைக்குப் போய் முள்ளங்கி பேரம் பேசிக்கொண்டிருப்பார். அதை அவர் யாரிடமும் புலம்பியதில்லை. அன்று காலை ஷிஃப்ட் இறங்கும்போது, சுடரைப் பார்க்கும் நீலக் கண்ணாடியைத் துடைத்துப் பெட்டியில் வைக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதை மட்டும் நான் பார்த்தேன்.

கூட்டம் தொடங்கியது. முதலில் சின்னக் குறைகள். கூட்டத்தைச் சூடேற்றுவதற்காக, பதவிக்கு நிற்காதவர்களும் சொல்வார்கள்.

ஷிங் எழுந்தார். “என் குறை என்னன்னா, மத்தவங்க கஷ்டத்தைப் பார்த்தா என்னால தூங்க முடியறதில்ல. உடம்பைக் கவனிச்சுக்காம உழைச்சிடறேன். இதைத் திருத்திக்கணும்.”

“திருத்திக்காதீங்க!” என்று நாலு பேர் கத்தினார்கள். ஷிங் உட்கார்ந்து விதையை உடைத்தார்.

அடுத்து டோங். இடுப்புத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். “என் குறை, கை தாராளம். உப்புப் போடும்போதுகூடக் கணக்குப் பார்க்கறதில்ல.”

“அது குறை இல்ல டோங் அண்ணே, அது தப்பு!” என்று இடது பக்கத்திலிருந்து ஒருவன் கத்தினான். “உள்ளே வெச்சுப் பூட்டுங்க!”

“முட்டைக்கோஸ் மேல உட்கார வைங்க!”

“பூட்டுனா மத்தியானம் யார்டா உனக்குச் சோறு போடறது? உன் மாமியாரா?”

கேன்டீன் முழுவதும் சிரித்தது. டைரக்டரும் சிரித்தார். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது.

பிறகு ஜியாவ் எழுந்தார். அவரைப் பற்றிக் கெட்டதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. பகல் ஷிஃப்ட்டை ஒழுங்காக நடத்துகிறவர். குடித்துவிட்டு வந்ததில்லை. தாளை விரித்துக் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டார். இந்த முறைமையில் ஆலையிலேயே அவருக்கு இணை கிடையாது.

“நான் ஒண்ணுமில்லாத ஆளு. நேத்து ராத்திரி மூணு தடவை என்னை நானே விசாரிச்சுப் பார்த்தேன். மூணு தடவையும் வெட்கமா இருந்துச்சு. என் கண்ணு மங்கிப்போச்சு. சுடர் மஞ்சளா வெள்ளையான்னு நிச்சயமாச் சொல்ல முடியல. கை நடுங்குது. முடிவெடுக்கத் தயங்கறேன். எங்க ஷிஃப்ட்ல ஏதாவது நல்லது நடந்திருந்தா அது பசங்களால. கெட்டது நடந்திருந்தா அது என்னால. இந்தப் பொறுப்பை என்னைவிடத் தகுதியானவங்களுக்குக் கொடுங்க.”

“அப்படிச் சொல்லாதீங்க அண்ணே!” வலது பக்கம் முழுவதும் அதிர்ந்தது. இடது பக்கத்திலும் பாதிப் பேர் கத்தினார்கள். முறை என்றால் முறைதான்.

“ஜியாவ், இது ஆலையோட தேவை” என்றார் டைரக்டர்.

“வேண்டாம் டைரக்டர். கண்ணு சரியில்ல.”

“ஜியாவ், மறுக்காதீங்க.”

“தகுதி இல்ல டைரக்டர். என்னை விட்டுருங்க.”

இரண்டு முறை ஆகிவிட்டது. மூன்றாவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது வழக்கம். இன்னொருவரும் நிற்பதால் அவரையும் பேசவிட வேண்டும். டைரக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “குய்ச்சின், நீங்களும் சுருக்கமாச் சொல்லிடுங்க” என்றார்.

சுருக்கமாக என்ற சொல் அக்காவின் முகத்தில் பட்டதை நான் பார்த்தேன். அவர் எழுந்தார். கன்னத்தில் உலைக் கரி இருந்தது. நின்ற இடத்திலிருந்தே பேசினார்.

“எனக்கு உலை தெரியும்” என்றார்.

கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை. அடுத்து ஒரு ‘ஆனால்’ வரும், குறை அங்கே இருக்கும் என்று காத்திருந்தார்கள். வரவில்லை.

“சுய் மேஸ்திரி கடைசி ரெண்டு வருஷம் முதுகு வலியில படுத்திருந்தாரு. அந்த ரெண்டு வருஷமும் ராத்திரியில உலையைப் பார்த்தது நான். எரிவாயு அழுத்தம் இறங்குன அன்னிக்கு என்ன செய்யணும்னு எனக்குத் தெரிஞ்சுது, செஞ்சேன். சுடரைப் பார்த்தே சூட்டைச் சொல்வேன். இந்த ஆலையில என் அளவுக்கு அதைப் பார்க்கத் தெரிஞ்சவங்க இப்போ யாரும் இல்ல. இந்த வேலை எனக்கு வேணும். என்னால முடியும்.”

ஷிங்கின் விரலில் உடைக்காத விதை ஒன்று அப்படியே நின்றது. எங்கள் ஆலையில் ஒருவர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. யாரும் கேட்டதில்லை. பொதுக் குளியல் அறைக்கு நடுவே ஒருவர் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. நிர்வாணமாக இருக்கிற மற்றவர்களுக்குத்தான் கூச்சம். எனக்கு முதுகுத்தண்டு நிமிர்ந்தது. நைட் ஷிஃப்ட்டின் ஆள் அவர். எங்கள் ஆள்.

டைரக்டர் தொண்டையைச் செருமினார். “இங்க பாரும்மா குய்ச்சின். உழைப்பை யாரும் இல்லைன்னு சொல்லல. ஆனா மூணாவது பலகையைக் கொஞ்சம் பாருங்க. தன்னைத் தெளிவா அறியணும்.”

“அதைப் பார்த்துட்டுத்தான் டைரக்டர் பேசறேன். தெளிவா அறியணும்னு எழுதியிருக்கீங்க. தாழ்த்தி அறியணும்னு எங்கயும் எழுதலையே.”

இடது பக்கத்தில் யாரோ மூச்சை உறிஞ்சினார்கள்.

“அடக்கம்னு ஒண்ணு இருக்கில்ல?” என்றார் ஷிங். “ஜியாவ் அண்ணனைப் பாரு. எவ்வளவு அழகாச் சொன்னாரு.”

“சொன்னாரு. கண்ணு மங்கிப்போச்சு, கை நடுங்குதுன்னாரு. அப்போ அவருக்கு எதுக்கு உலையைக் கொடுக்கறீங்க?”

“அட, அது அவரு பணிவுக்குச் சொன்னது!”

“நானும் போன தடவை பணிவுக்குத்தான் சொன்னேன்” என்றார் அக்கா. குரல் உயரவில்லை. “படிப்பு போதாதுன்னேன், கோபம் அதிகம்னேன். நான் சொன்னப்ப நம்புனீங்க. கை தட்டுனீங்க. அவர் சொல்றப்ப மட்டும் ஏன் நம்ப மாட்டேங்கறீங்க?”

இதற்கு என்ன பதில் சொல்வது என்று முறையில் எங்கும் இல்லை. எல்லோரும் ஜியாவைப் பார்த்தார்கள். பாவம் அந்த மனிதர். தன் கண் நன்றாக இருக்கிறது என்றால் சற்று முன் பொய் சொன்னதாகும். மங்கிப்போனது உண்மை என்றால் நாற்காலி போய்விடும். காது வரை சிவந்து, கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

“ஜியாவ் அண்ணே, அந்தக் கடிகாரத்துல மணி என்ன சொல்லுங்க பார்ப்போம்!” என்று இடது பக்கத்திலிருந்து ஒரு குரல்.

“வாயை மூடுங்கடா” என்று அக்காவே அதட்டினார். “அவர் கண்ணு நல்லா இருக்குன்னு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.”

ஷிங் விடுவதாக இல்லை. சண்டைக்காக அல்ல, கூட்டத்தை முறைக்குள் திரும்ப இழுக்கத்தான் பார்த்தார். “சரி, பெரிய வீராங்கனை. அப்போ உன்கிட்ட ஒரு குறையும் இல்லையா? ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு உட்காரு. நாங்களும் ‘அப்படிச் சொல்லாதே’ன்னு கத்திடறோம். எல்லாரும் வேலைக்குப் போகலாம்.”

“குறை எதுவும் சொல்லப் போறதில்ல” என்றார் அக்கா. சட்டைப் பையிலிருந்த நீலக் கண்ணாடியை எடுத்து மேசைமேல் வைத்தார். “தப்பு ஒண்ணு இருக்கு.”

டோங் இடுப்புத் துணியை விட்டுவிட்டு நிமிர்ந்தார். அந்தச் சொல்லை இந்தக் கூடத்தில் யாரும் தன்னைப் பற்றிச் சொன்னதில்லை.

“கோடையில ஒரு சரக்கு பச்சையாப் போச்சே, ஞாபகம் இருக்கா?”

யாருக்கு ஞாபகம் இல்லாமல் இருக்கும்? முதல் பச்சை பாட்டில் என் கண் முன்னால்தான் அச்சிலிருந்து விழுந்தது. நிறமே இல்லாமல் தண்ணீர் மாதிரி வர வேண்டிய பாட்டில், வெள்ளரித் தோல் மாதிரி வந்தது. சாராயக் கம்பெனி மொத்தத்தையும் திருப்பி அனுப்பியது. மணலில் இரும்பு அதிகம் என்று டைரக்டர் முடிவு செய்தார். மணலில் இரும்பு இருந்தால் கண்ணாடி பச்சையாகும், அது எல்லோருக்கும் தெரியும். மணல் கொண்டு வருகிற மூ சுவான்ஃபாவின் லாரியை வாசலிலேயே நிறுத்தினார்கள். மணலில் குற்றமில்லை என்று அவர் வாசலில் நின்று கத்திப் பார்த்தார். அப்புறம் அவர் வரவில்லை.

“மணல் நல்ல மணல்” என்றார் அக்கா. “மறுபடி உருக்கறதுக்காக அன்னிக்குப் பகல் ஷிஃப்ட் விட்டுட்டுப் போன கண்ணாடி உடைசல் குவியல்ல பச்சை பீர் பாட்டில் துண்டு கலந்திருந்துச்சு. பார்த்தேன். இது நிறம் பிரிச்ச குவியலா, பிரிக்காததான்னு சந்தேகம் வந்துச்சு. ஒரு போன் பண்ணி ஜியாவ் கிட்டக் கேட்டிருக்கணும். அந்த மாசம் நான் அவர்கூடப் பேசறதில்ல.”

“எதுக்கு?” என்றான் யாரோ.

“ஃபேன் எந்த ஷிஃப்ட்டுக்குன்னு ஒரு சண்டை. அதை விடு. அவர்கிட்டக் கேட்கறதான்னு ஒரு திமிரு. கேட்கல. உள்ளே கொட்டச் சொன்னேன். விடிகாலையில பச்சையா விழ ஆரம்பிச்சதுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, மணல் இல்லைன்னு. மணல்னு நீங்க சொன்னப்ப வாயை மூடிக்கிட்டேன். மூ அண்ணனோட லாரியைத் திருப்பி அனுப்புனப்ப வாசல்ல நானும் நின்னேன். அது படிப்பு போதாததுனால இல்ல. கோபத்துனால இல்ல. என் தப்பு.”

நான் எழுதுவதை நிறுத்தியிருந்தேன். அந்த விடிகாலை நினைவுக்கு வந்தது. பச்சை பாட்டிலைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அவர் உலைப் பக்கம் நடந்துபோனார். அவருக்கும் புரியவில்லை என்றுதான் அன்று நினைத்தேன்.

டைரக்டர் எழுந்து நின்றார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். “இதை எதுக்கு இப்போ சொல்றீங்க? யாரும் கேட்கலையே.”

“மூணு தடவை விசாரிக்கச் சொல்லி எழுதியிருக்கீங்க. விசாரிச்சேன். எனக்கு என்ன தெரியும்ங்கறதும் வந்துச்சு, இதுவும் வந்துச்சு. ஒண்ணைச் சொல்லிட்டு இன்னொண்ணை மறைச்சா, ரெண்டும் பொய்யாப் போயிடும். இப்போ கையைத் தூக்கச் சொல்லுங்க.”

அக்கா உட்கார்ந்தார்.

கேன்டீனில் முணுமுணுப்பு எழுந்தது. “போச்சு. கைக்கு வந்ததைத் தானே போட்டு உடைச்சுக்கிட்டா” என்றார் ஷிங், பாதி தனக்குத்தானே.

“இல்ல” என்றார் டோங். அவர் எப்போதும் சத்தமாகத்தான் பேசுவார், ரகசியம்கூட. “பச்சை பாட்டிலை ஒத்துக்கிட்டவ, சுடரைப் பத்திச் சொன்னதுலயும் பொய் சொல்லியிருக்க மாட்டா.”

டைரக்டருக்கு வேறு வழி தெரியவில்லை. ஜியாவுக்கு மூன்றாவது வற்புறுத்தல் பாக்கி இருந்தது. ஆனால் கண் சரியில்லை என்றவரை இத்தனைக்கும் பிறகு எப்படி வற்புறுத்துவது? அவர் குழம்பிப்போய் நேராகக் கை தூக்கும் சடங்குக்குத் தாவினார்.

“சரி. லுவான் குய்ச்சினுக்கு ஆதரவா இருக்கறவங்க கையைத் தூக்குங்க.”

இடது பக்கம் முழுவதும் உயர்ந்தது. நானும் பேனாவோடு கையைத் தூக்கினேன். வலது பக்கம் அசையவில்லை. பகல் ஆட்கள் அதிகம். அவர்கள் அசையாவிட்டால் போதும், முடிந்தது.

அப்போது ஜியாவின் கை மேலே போனது.

இதை நான் விளக்க வேண்டியதில்லை, எங்கள் கூட்டங்களுக்கு வந்தவர்களுக்குத் தெரியும். தனக்கு வேண்டாம் என்று சொன்னவர், எதிரில் நிற்பவருக்காகக் கையைத் தூக்க வேண்டும். அதுதான் மரியாதை. இருபது வருஷமாக ஜியாவ் எல்லாக் கூட்டங்களிலும் அப்படித் தூக்கியிருக்கிறார். அதனால் அவருக்கு ஒரு நஷ்டமும் வந்ததில்லை, ஏனென்றால் முடிவு அதற்கு முன்பே ஆகியிருக்கும். இன்று ஆகவில்லை. அதை அவருடைய தலை உணர்வதற்குள் கை பழக்கத்தில் போய்விட்டது.

பகல் ஷிஃப்ட் ஆட்கள் அந்தக் கையைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். “அண்ணனே தூக்கறாரு” என்றான் ஒருவன். ஒரு கை, அப்புறம் இரண்டு, அப்புறம் வரிசையாக. இறக்கலாமா என்று ஜியாவ் திரும்பிப் பார்த்தபோது அவருக்குப் பின்னால் ஒரு காடே நின்றது.

அவர் சிரித்துவிட்டார். உண்மையான சிரிப்பு. தாளை மடித்துப் பையில் வைத்தார். “நான் சொன்ன வார்த்தையை நானே காப்பாத்திட்டேன் போல” என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, “அந்தக் குவியல் பிரிக்காததுதான் குய்ச்சின். அதுல ஒரு சீட்டு எழுதி வெச்சிருக்கணும். நானும் வைக்கல” என்றார்.

“அது உங்க கணக்கு. எனக்குத் தெரியாது” என்றார் அக்கா.

நான் எண்ணிச் சொன்னேன். டைரக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவர் மோசமானவர் இல்லை. காற்று எந்தப் பக்கம் என்று தெரிந்தால் அந்தப் பக்கம் நேராக நிற்கத் தெரிந்தவர். “சரி. இன்னிக்கு முதல் லுவான் குய்ச்சின் உலை மேஸ்திரி. சாவியை வாங்கிக்கோங்க.”

கை தட்டல். இந்த முறை அக்கா தட்டவில்லை. எழுந்து நின்றார். கரி படிந்த முகத்தோடு, தலை குனியாமல், ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்துக்கொண்டு அந்தத் தட்டல் முடியும் வரை நின்றார். தனக்குச் சேர வேண்டிய ஒன்றை வாங்கிக்கொள்வது போல நின்றார். ஆலையில் அப்படி ஒருவர் நின்று நான் பார்த்ததில்லை.

“உலைச் சாவி அப்புறம் டைரக்டர்” என்றார். “முதல்ல அந்தச் சாவி.”

“எந்தச் சாவி?”

அக்கா நாலாவது பலகையைக் காட்டினார்.

“அட, விடும்மா! மேஸ்திரியை உள்ளே வெச்சுப் பூட்டறதா? ஊர் சிரிக்கும்.”

“எழுதி மாட்டுனது நீங்க. விதி போட்டதும் நீங்க. மேஸ்திரிக்கு அது கிடையாதுன்னா, நாளைக்கு என் ஷிஃப்ட்ல எவனாவது தப்புப் பண்ணா நான் எந்த வாயால கேட்கறது?”

“முட்டைக்கோஸ் இருக்கே உள்ளே” என்றார் டோங், கவலையோடு.

“இருக்கட்டும். அது யார்கிட்டயும் சொல்லாது.”

சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. “ராத்திரி முழுக்க நின்னிருக்கேன். தூங்கிட மாட்டேன், கவலைப்படாதீங்க. யோசிக்க வேண்டியது நிறைய இருக்கு. அதுக்குள்ள யாராவது மூ அண்ணனுக்குப் போன் பண்ணி வரச் சொல்லுங்க. நான் வெளியே வர்றப்ப அவரு இங்க இருக்கணும். அவர் முகத்தைப் பார்த்துத்தான் அதைச் சொல்லணும். உங்க முன்னாடி சொன்னது சுலபம்.”

“நான் பண்றேன்” என்றார் ஜியாவ். “ஆனா போன்ல என்னன்னு சொல்றது?”

“மணல் வேணும்னு சொல்லுங்க. அது உண்மைதான்.”

டோங் ஆணியிலிருந்து சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார். குறிப்பு எழுதுபவன்தான் பூட்ட வேண்டும் என்று ஒன்றும் இல்லை. அவருக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். நான் அக்காவுக்குப் பின்னால் நடந்தேன். கூட்டம் முழுவதும் எங்களுக்குப் பின்னால் வந்தது. வேலைக்குப் போகச் சொல்ல வேண்டியவர்களும் வந்தார்கள்.

அறைக்குள் முட்டைக்கோஸ் மார்பளவு அடுக்கப்பட்டிருந்தது. நடுவில் ஒரு முக்காலி. மேலே சிறு ஜன்னல், அதில் குளிர்காலத்து வெளிச்சம். டோங் வெந்நீர்க் குடுவையையும் இரண்டு எள் ரொட்டியையும் நீட்டினார். அக்கா குடுவையை மட்டும் வாங்கிக்கொண்டார்.

“ரொட்டி வெளியே வந்து சாப்பிடறேன். சூடா எடுத்து வை.”

உள்ளே போய், முக்காலியைத் துடைத்து, சுவரில் சாயாமல் நேராக உட்கார்ந்தார். நீலக் கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டார்.

நான் வாசலில் தயங்கினேன். பூட்டு துரு ஏறியிருந்தது. பேருக்குச் சாத்திவைத்தால் போதாதா என்று கேட்க வாயெடுத்தேன்.

“என்ன பார்க்கறே காலேஜ்?” என்றார். “ஒழுங்காப் பூட்டு. ரெண்டு சுத்து.”

கதவைச் சாத்தினேன். சாவியை இரண்டு முறை திருப்பினேன்.